மகனுக்கு முப்பத்தொன்பது

தைரியநாதனின் சட்டைப் பையில் எப்போதும் ஒரு சாக்கட்டித் துண்டு கிடக்கும். பள்ளிக்கூடம் இல்லாத நாளிலும் கிடக்கும், பூசைக்குப் போகும்போதும் கிடக்கும். சாமியார் கையால் நன்மை அப்பம் வாங்க வரிசையில் நிற்கையில், பையில் படிந்த வெள்ளைத் தூள் நாலு பேர் கண்ணில் பட வேண்டும் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்பான். ஆவூர்ப் பக்கத்தில் அந்தச் சுற்றுவட்டாரத்துக்கே எஸ்.எஸ்.எல்.சி. வரைக்கும் போய் வந்தவன் அவன் ஒருவன்தான். போய் வந்தவன் என்றுதான் சொல்ல வேண்டும். தேறினானா என்று யாரும் கேட்டதில்லை, அவனாகவும் சொன்னதில்லை. ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை. கோயில் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலையும் கிடைத்துவிட்டது, வாத்தியார் என்ற பட்டமும் ஒட்டிக்கொண்டது.

அந்த இலுப்பைப்பூவைத்தான் மைக்கேல்சாமி தன் மகள் சூசைமேரிக்கு என்று முடிந்து வைத்திருந்தார். தைரியநாதன் அவர் தங்கை அந்தோணிமேரியின் மகன். சூசைமேரிக்கு அத்தை மகன், முறைப் பையன், கட்டிக்கொள்ளப் போகிறவன். அவளுக்கு அவனைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும். அவன் கெட்டவன் இல்லை. குடிக்க மாட்டான், யாரையும் அடிக்க மாட்டான், ஆடு மேய்க்கிற பிள்ளைகளைக்கூட 'வாங்க, போங்க' என்பான். அவனிடம் குறை சொல்ல ஒன்றும் இல்லாததுதான் அவளுக்குப் பெரிய குறையாக இருந்தது. உப்பும் இல்லை, உறைப்பும் இல்லை. அந்தச் சாக்கட்டி மட்டும்தான் இருந்தது.

சூசைமேரிக்கு வேறு எண்ணம் இருந்தது. திருச்சிராப்பள்ளியில் கன்னியாஸ்திரிகள் நடத்துகிற டிரெயினிங் பள்ளிக்கூடத்தில் சேர்ந்து டீச்சராக வேண்டும். அதற்கு எட்டாம் வகுப்புப் பரீட்சை தேற வேண்டும். முப்பத்து மூன்றாம் வருஷம் பரீட்சை எழுதினாள். எல்லாம் தேறிக் கணக்கில் கோட்டை விட்டாள். உடனே அத்தை வந்து, பொட்டைப் பிள்ளைக்கு இது போதும், ஓலை எழுதிவிடலாம் என்றாள். ஓலை என்றால் கல்யாண ஓலை. கோயிலில் சாமியார் மூன்று ஞாயிற்றுக்கிழமை வாசித்துவிட்டால் பிறகு கழுத்தை நீட்ட வேண்டியதுதான். சூசைமேரி சோறு தின்னாமல் படுத்துக்கொண்டாள். மைக்கேல்சாமி இரண்டு பக்கமும் பார்த்து ஒரு தீர்ப்பு சொன்னார்.

"இன்னொரு தடவை எழுதட்டும். தேறிட்டா டிரெயினிங் போகட்டும். தேறலைன்னா மறு பேச்சு இல்ல, ஓலைதான்."

தீர்ப்பு அதோடு நின்றிருந்தால் நியாயம். அடுத்த வாயில், "கணக்கு சொல்லிக்குடுக்க நம்ம மாப்ளையே இருக்காரு" என்றார். எவனிடமிருந்து தப்பிக்கப் படிக்கிறாளோ அவனிடமே படிக்க வேண்டும். மைக்கேல்சாமிக்கு இதில் ஒரு கோணலும் தெரியவில்லை. அவர் நல்ல மனிதர்தான். ஆனால் அச்சில் ஏறிய எதைக் கண்டாலும் அவர் தோளில் இருக்கிற துண்டு தானாகக் கக்கத்துக்கு வந்துவிடும்.

சனிக்கிழமை சாயங்காலங்களில் தைரியநாதன் வருவான். பழுப்புக் காகிதத்தில் அட்டை போட்ட புத்தகம் ஒன்று கையில் இருக்கும். பிள்ளைகள் வைத்திருக்கிற கணக்குப் புத்தகம் இல்லை, வாத்தியார்களுக்கென்று தனியாக அச்சடித்தது. கடைசிப் பக்கங்களில் எல்லாக் கணக்குக்கும் விடை இருக்கும். அதை யார் கையிலும் கொடுக்க மாட்டான். மடியில் வைத்துக்கொண்டு, கட்டைவிரலை விடைப் பக்கத்தில் செருகிக்கொண்டு, பாடத்தை ஆரம்பிப்பான்.

அவனுடைய அல்ஜீப்ராவுக்கு ஒரே சட்டம். "அங்கிட்டுப் போனா மைனஸ், இங்கிட்டு வந்தா பிளஸ்." ஏன் என்று கேட்டால், "ஏன்னா போகுதுல்ல" என்பான். ஜியோமெட்ரி இன்னும் மோசம். முக்கோணம் என்றால் அடிப்பக்கம் கீழே கிடக்க வேண்டும், உச்சி மேலே நிற்க வேண்டும், முனைகளுக்கு ஏ, பி, சி என்று பெயர் இருக்க வேண்டும். ஒரு நாள் சூசைமேரி சிலேட்டைத் தலைகீழாகத் திருப்பி, இதற்கும் அதே கணக்குதானே என்று கேட்டாள். அவன் கொஞ்ச நேரம் பார்த்தான்.

"முக்கோணம்னா ஒழுங்கா உக்காந்திருக்கணும் புள்ள" என்று சொல்லி, சிலேட்டை நேராகத் திருப்பி வைத்தான்.

மழைக்காலம் முடிகிற சமயத்தில்தான் அந்தக் கணக்கு வந்தது. ஒரு முக்கோணத்தில் ஒரு கோணம் ஐம்பது பாகை, இன்னொன்று அறுபது, மூன்றாவது என்ன? தைரியநாதன் கூட்டிக் கழித்து எழுபது என்று எழுதினான். பழக்கதோஷத்தில் கட்டைவிரல் இருந்த பக்கத்தைத் திறந்து பார்த்தான். அச்சுக் கோத்தவன் தூக்கக் கலக்கத்தில் எழுபதை நூற்றெழுபது ஆக்கியிருந்தான். தான் போட்ட எழுபதுக்கு முன்னால் ஒரு ஒன்றைச் சேர்த்தான். படத்தை அழித்துவிட்டு, ஒரு மூலை மாட்டுத் தொழுவத்து வாசல் மாதிரி அகண்டு கிடக்கிற புது முக்கோணம் ஒன்றைப் போட முயன்றான். கோடுகள் ஒன்றோடொன்று சேர மாட்டேன் என்றன. அவனே பிடித்து வளைத்துச் சேர்த்தான்.

"மூணையும் கூட்டினா நூத்தியெம்பதுதானே வரணும் மச்சான்? நீங்கதான சொன்னீங்க."

"அது சாதா முக்கோணத்துக்கு. இது பயிற்சியில குடுத்த முக்கோணம்."

"புத்தகத்துல தப்பா அடிச்சிருப்பாங்க."

தைரியநாதன் அவளை இரக்கத்தோடு பார்த்தான். "அச்சுல எங்கயாச்சும் தப்பு வருமா சூசை? நமக்கு வெளங்கலைன்னா நம்ம மேலதான் தப்பு இருக்கும்."

அன்று சூசைமேரிக்கு ஒரு சந்தேகம் வந்தது. அவள் தேறக் கூடாது, தன்னிடமே வந்து விழ வேண்டும் என்று இவன் வேண்டுமென்றே தப்பாகச் சொல்லிக்கொடுக்கிறானோ? நினைக்க நினைக்க அவளுக்கு அவன் மேல் கொஞ்சம் மரியாதைகூட வந்தது. ஒருத்தியைக் கட்டிக்கொள்வதற்காக ஒருவன் முக்கோணத்தையே வளைக்கிறான் என்றால் அவனுக்குள் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். அந்த மரியாதை ஒரு வாரம்தான் நின்றது. பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் அதே நூற்றெழுபதைத்தான் எழுதிப் போட்டிருந்தான் என்று தெரிந்தது. சூதும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. சரியான விடை கையில் வந்த பிறகும், அச்சில் வேறு மாதிரி இருந்தால் கையில் இருப்பதைக் கீழே போட்டுவிடுகிறவன். கணக்குத் தெரியாதவனைக்கூட மன்னிக்கலாம், தெரிந்துகொண்டே கைவிடுகிறவனை என்ன செய்வது? இவனோடு ஒரு ஆயுசு குடித்தனம் பண்ண வேண்டுமா?

அதற்குப் பிறகு அவன் போன உடனே சிலேட்டை எடுத்து, அவன் போட்ட கணக்கை ஒவ்வொரு வரியாகச் சந்தேகப்பட ஆரம்பித்தாள். எங்கே சறுக்கினான், எந்த வரியில் விடையைப் பார்த்து வளைத்தான் என்று துப்புத் துலக்குவதில் ஒரு வெறியே வந்துவிட்டது. அவன் தப்பைத் தேடித் தேடியே அவளுக்குக் கணக்கு வந்துவிட்டது. மறு வருஷம் பரீட்சையில் தேறினாள், கணக்கில் வகுப்புக்கே முதலாக.

செய்தி வந்த அன்று மைக்கேல்சாமி தங்கை வீட்டுக்கு ஓடினார். திரும்பி வந்தவர் முகமெல்லாம் பல்லாக இருந்தது.

"ஞாயித்துக்கெழமை பேசி முடிச்சு ஓலை எழுதிருவோம்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

சூசைமேரிக்குக் காதில் விழுந்தது புரியவில்லை. "தேறிட்டா டிரெயினிங்னு நீங்கதானய்யா சொன்னீங்க?"

"சொன்னேன். யாரு சொல்லிக்குடுத்துத் தேறுன? மாப்ள ராத்திரி பகலாப் பாடுபட்டு ஒன்னைத் தேத்திவிட்டுருக்காரு. அவரையே வேணாம்னா அது நன்றிகெட்ட வேலை இல்லையா? ஒனக்கும் அவருக்கும் பொருத்தம் இருக்குன்னு இதுலயே தெரியலையா?"

தோற்றாலும் அவன்தான், தேறினாலும் அவன்தான். எந்தப் பக்கத்தை அழித்தாலும் மறு பக்கத்தில் அவனே நிற்கிறான். அழுது பார்த்தாள், அவனுக்குக் கணக்கே வராது என்று சொல்லிப் பார்த்தாள். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்கிறவரிடம் என்ன பேசுவது? "குருவைப் பழிக்காத" என்று ஒரே வார்த்தையில் வாயை அடைத்துவிட்டார்.

அந்த வாரம் தைரியநாதன் மாப்பிள்ளை முறுக்கோடு மாமன் வீட்டுக்கு வந்தான். சாப்பிடக் கை கழுவப் போகும்போது புத்தகத்தை நெல் குதிர் மேல் வைத்துவிட்டுப் போனான். சூசைமேரி அதை எடுத்து, விடைப் பக்கத்தைப் புரட்டினாள். அவள் தேடியது தகப்பன் மகன் வயசுக் கணக்கு. தகப்பன் வயது மகன் வயதைப் போல நாலு மடங்கு, பதினெட்டு வருஷம் கழித்து இரண்டு மடங்கு, இருவருக்கும் என்ன வயது? தகப்பனுக்கு முப்பத்தாறு, மகனுக்கு ஒன்பது என்று விடை போட்டிருந்தது. பரீட்சைக்கு வாங்கிய மைப்புட்டி மாடத்தில் இருந்தது. ஊசிமுனைப் பேனாவால், ஒன்பதுக்கு முன்னால், அச்செழுத்துப் போலவே ஒரு மூன்றைப் போட்டாள். ஊதிக் காயவைத்தாள். படிக்காத அத்தைக்கும் புரிகிற கணக்கு இது ஒன்றுதான் என்று யோசித்துத்தான் அதைத் தேர்ந்தெடுத்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எல்லாரும் மைக்கேல்சாமி வீட்டில் கூடினார்கள். எல்லாரும் என்றால் அத்தை, தைரியநாதன், ஓலை எழுதிக் கொடுக்க வந்த கோயில் உபதேசியார் பிச்சைமுத்து, தாம்பூலத்தில் கண்ணாக இருந்த இரண்டு பங்காளிகள். அத்தை வெற்றிலையைக் கிழித்தபடியே மகனின் பெருமையைப் பாடத் தொடங்கினாள். கல்லுக்குக்கூட அவன் கணக்குச் சொல்லிக்கொடுத்துவிடுவானாம். கல் என்றது யாரை என்று சூசைமேரிக்குப் புரியாமல் இல்லை.

அவள் முன்னால் வந்து நின்றாள். "மச்சான் ஒரே ஒரு கணக்குப் போட்டுக் காட்டட்டும். எல்லாரும் பாக்கட்டும்."

பெண்பிள்ளை இப்படி வந்து நிற்பது முறை இல்லைதான். ஆனால் அத்தைக்கு வாயெல்லாம் சிரிப்பு. தைரியநாதனின் கை ஏற்கெனவே சட்டைப் பைக்குள் போய்விட்டது. எழுதுவதற்கு இடம் தேடி, குதிரின் கறுத்த மண் சுவரையே பலகை ஆக்கினான். சூசைமேரி கணக்கைச் சொன்னாள். மகனுக்கு எக்ஸ் என்றான், தகப்பனுக்கு நாலு எக்ஸ் என்றான். அங்கிட்டுப் போனது, இங்கிட்டு வந்தது. கோடு பிசகவில்லை. கடைசியில் 'எக்ஸ் = 9' என்று அழகாக எழுதி, திரும்பிச் சபையைப் பார்த்தான்.

காலையில் கோயிலில் மாதாவிடம் சூசைமேரி ஒரு வாக்குக் கொடுத்திருந்தாள். விடையைப் பார்த்த பிறகும் அவன் ஒன்பது என்று சொன்னால், புத்தகம் தப்பு, நான் போட்டது சரி என்று ஒரே ஒரு தடவை சொன்னால், மறு பேச்சுப் பேசாமல் கழுத்தை நீட்டிவிடுகிறேன் என்று. சொல்ல மாட்டானா என்றுகூட அந்த நிமிஷத்தில் அவளுக்கு இருந்தது.

தைரியநாதன் கட்டைவிரல் இருந்த பக்கத்தைத் திறந்தான். பார்த்தான். சாக்கட்டி காற்றில் நின்றது. குதிர்ச் சுவரைப் பார்த்தான், மறுபடி புத்தகத்தைப் பார்த்தான்.

"இன்னும் முடியல" என்றான். "வயசுக் கணக்குல இன்னொரு வரி இருக்கு. வருசம்னா மாசம் உண்டு. மாசம்னா முப்பது நாள் உண்டு. அதையும் சேக்கணும்."

சேர்த்தான். ஒன்பதும் முப்பதும் முப்பத்தொன்பது. அடியில் இரண்டு கோடு கிழித்து, தகப்பன் முப்பத்தாறு, மகன் முப்பத்தொன்பது என்று எழுதினான்.

சூசைமேரி யாராவது சிரிப்பார்கள் என்று காத்திருந்தாள். யாரும் சிரிக்கவில்லை. மைக்கேல்சாமிதான் தயங்கித் தயங்கிக் கேட்டார். "ஏன் மாப்ள, மகன் தகப்பனுக்கு மூத்தவனா வாரானே?"

"அல்ஜீப்ராவுல அப்படி வரும் மாமா. இது நம்ம ஊரு தகப்பன் மகன் இல்ல. எக்ஸ்."

"அது இங்கிலீசுக் கணக்கு. நம்ம புத்திக்கு எட்டாது" என்றார் உபதேசியார்.

மைக்கேல்சாமி நிம்மதியாக மூச்சு விட்டார். துண்டு கக்கத்துக்குப் போயிருந்தது. பங்காளிகள் தலையை ஆட்டினார்கள். நாலு பிள்ளை பெற்ற அத்தை, பிள்ளை முந்தியா பெற்றவன் முந்தியா என்று தெரிந்த அத்தை, அவளும் ஆட்டினாள். சூசைமேரிக்கு அந்த வீட்டில் இருந்த அத்தனை தலையையும் பார்க்க அருவருப்பாக இருந்தது. வரப்பில் கட்டிய மாடு பொழுது போகாமல் தலையாட்டினால் அதற்காவது ஈ ஓட்டுகிற காரணம் உண்டு.

"அந்த மூணு அச்சு இல்ல. நான் போட்டது" என்றாள். "மையில போட்டேன். எச்சித் தொட்டுத் தேச்சுப் பாருங்க. இவருக்கு ஒம்பது வந்துச்சு. நான் போட்ட மூணைப் பாத்துட்டு அதை விட்டுட்டாரு. இவரா எனக்குக் கணக்கு சொல்லிக்குடுத்தாரு?"

புத்தகம் கை மாறியது. உபதேசியார் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, மைதான் என்றார். இப்போதாவது அவன் முகம் சுண்டும் என்று சூசைமேரி பார்த்தாள். தைரியநாதன் புத்தகத்தை வாங்கி, மூடி, மடியில் வைத்துக்கொண்டான்.

"யாரு போட்டா என்ன? கணக்கு வந்துச்சா இல்லையா? வழி காட்டித்தான போட்டேன்."

அத்தை எழுந்துவிட்டாள். அவளுக்குத் தகப்பனும் தெரியவில்லை, மகனும் தெரியவில்லை. கோயில் பள்ளிக்கூடத்துப் புத்தகத்தில், அச்சுப் புத்தகத்தில், ஒரு பொட்டைப் பிள்ளை கை வைத்திருக்கிறாள், அது மட்டும்தான் தெரிந்தது.

"புத்தகத்துலயே கள்ளக் கையெழுத்துப் போட்டவ, நாளைக்கு என் மகன் சோத்துல எதைப் போடுவாளோ? வேண்டாஞ்சாமி. எந்திரிடா."

அவன் எழுந்தான். வாசலைத் தாண்டும்போது மட்டும் ஒரு தடவை திரும்பிக் குதிர்ச் சுவரைப் பார்த்தான், தான் எழுதியது அழியாமல் இருக்கிறதா என்று பார்ப்பவன் மாதிரி.

மைக்கேல்சாமி அந்த மாதம் முழுக்க மகளோடு பேசவில்லை. பிறகு ஒரு நாள் மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டே, மாட்டிடம் பேசுவது போலச் சொன்னார். "இனிமே ஒன்னை இந்தச் சீமையில எவன் கட்டுவான். போ. போயி டீச்சராவே இரு."

அவள் கேட்டது கிடைத்துவிட்டது. பரீட்சை தேறியதால் கிடைக்கவில்லை, நியாயத்தாலும் கிடைக்கவில்லை, ஏமாற்றுக்காரி என்ற பெயரால் கிடைத்தது. விடை சரி, வழி தப்பு. வண்டியில் விராலிமலை தாண்டித் திருச்சிராப்பள்ளிக்குப் போகும்போது அவளுக்கு அதை நினைத்து எரிச்சலாகத்தான் இருந்தது.

சூசைமேரி டீச்சர் ஆனாள். கன்னியாஸ்திரிகளின் பள்ளிக்கூடத்திலேயே வேலையும் கிடைத்தது. யாரும் வந்து கேட்கவில்லை, அவளும் யாரையும் எதிர்பார்க்கவில்லை. கணக்கு டீச்சர் என்றால் பிள்ளைகள் தண்ணீர் குடிக்கக்கூட எழுந்திருக்காது. விடைப் பக்கம் உள்ள புத்தகத்தை வகுப்புக்குள் கொண்டு போகவே மாட்டாள். விடையைப் பார்த்து எழுதுகிற பிள்ளையைக் கண்டால், திருடிய பிள்ளையைவிடக் கேவலமாக நடத்துவாள்.

பதினான்கு வருஷம் போன பிறகு, ஆவூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெண் விடுதியில் தங்கிப் படிக்க எட்டாம் வகுப்புக்கு வந்து சேர்ந்தாள். பெயர் அடைக்கலமேரி. தகப்பன் பெயர் தைரியநாதன், தலைமை ஆசிரியர். சூசைமேரி அந்த வரியைப் படித்தாள், உதட்டைச் சுழித்தாள், வருகைப் பதிவில் பெயரை எழுதிக்கொண்டாள். பார்க்கிறபோது அந்தப் பெண் சூட்டிகையாகத்தான் இருந்தாள். எக்ஸ் என்றால் என்ன என்று கேட்டதற்கு வகுப்பில் அவள் ஒருத்திதான் ஒழுங்காகப் பதில் சொன்னாள். சூசைமேரிக்கு அது பிடிக்கவில்லை. அப்பன் புத்தி இல்லாமல் பிழைத்துவிட்டதே என்று இருந்தது.

அல்ஜீப்ரா படிக்கிறவர்கள் எவரும் அந்த வயசுக் கணக்குக்குத் தப்ப முடியாது. ஒரு நாள் அது வந்தது. டீச்சர் வாசித்து முடிப்பதற்குள் அடைக்கலமேரி கையைத் தூக்கினாள். பலகைக்குப் போனாள். எக்ஸ், நாலு எக்ஸ், அங்கிட்டு, இங்கிட்டு. கை ஓடுகிற அழகைப் பார்த்துச் சூசைமேரி நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஒன்பது வந்தது. பிள்ளை நிற்கவில்லை. அடுத்த வரியில் முப்பதைச் சேர்த்து, அடியில் இரண்டு கோடு கிழித்து, மகன் முப்பத்தொன்பது என்று எழுதிவிட்டுத் திரும்பினாள்.

வகுப்பு சிரித்தது. பிள்ளை முகம் மாறவில்லை. "அல்ஜீப்ராவுல அப்படி வரும் டீச்சர்" என்றாள்.

"யாரு சொன்னது?" என்றாள் சூசைமேரி.

"எங்க அப்பா. எங்க பள்ளிக்கூடத்துல எல்லாருக்கும் இப்படித்தான் சொல்லிக்குடுப்பாங்க. இதைக் கேட்டுச் சிரிக்கறவுங்க படிக்காதவுங்கன்னு அப்பா சொல்லுவாங்க. புத்தகத்துலயும் இருக்கு டீச்சர், நானே பாத்திருக்கேன். அந்த மூணு மட்டும் கொஞ்சம் கறுப்பா இருக்கும்."

சபையில் சொன்னதை மாற்றினால் மானம் போய்விடும் என்று, அந்த மனிதன் இத்தனை வருஷமும், இத்தனை பிள்ளைகளுக்கும், சொந்த மகளுக்கும், அந்த முப்பத்தொன்பதை ஊட்டியிருக்கிறான். தூ என்று துப்பத் தோன்றியது. துப்ப முடியவில்லை. அவன் ஊட்டியது அவனுடைய மூன்று இல்லை. ஊசிமுனைப் பேனாவால் எழுதி, ஊதிக் காயவைத்த மூன்று.

"அது அச்சு இல்ல" என்றாள். "அந்த மூணை நான் போட்டேன். உங்க அப்பாவுக்கே தெரியும்."

சூசைமேரி எழுந்து போய், பலகையில் இருந்த மூன்றைத் துடைப்பானைத் தேடாமல் தன் விரலாலேயே அழித்தாள். ஒன்பது மட்டும் நின்றது.

"இதுதான் விடை. எழுதிக்க."

பிள்ளை பலகையைப் பார்த்தாள். டீச்சரின் விரலில் ஒட்டியிருந்த வெள்ளைத் தூளைப் பார்த்தாள். பிறகு, அச்சில் தப்பு வருமா என்று கேட்ட அன்று மாமன் வீட்டில் ஒருவன் ஒருத்தியைப் பார்த்த அதே இரக்கத்தோடு நிமிர்ந்து பார்த்தாள்.

"இங்க நீங்க அழிச்சிட்டீங்க டீச்சர்" என்றாள். "எங்க புத்தகத்துல இருக்கு."